சுருட்டை முடி காய்ந்த பிறகும் சுருளாக நிற்க

திருநகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்குச் சுருட்டை முடி. தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது ஈரத்தில் சுருள் சுருளாக அழகாகத் தெரிகிற முடி, காய்ந்ததும் விரிந்து பரட்டையாகிவிடுகிறது. வீட்டில் போர்த் தண்ணீர். வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கும் வழக்கம். எண்ணெயை நிறுத்திவிட வேண்டுமா, எந்த ஜெல் வாங்குவது, உறவினர்கள் வற்புறுத்துவதைப் போலப் பார்லரில் முடியை நேராக்கிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஈரத்தில் சுருள் தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே, உங்கள் மகளின் முடியில் குறை ஒன்றும் இல்லை என்பதற்குப் போதுமான சான்று. சுருள் அந்த முடியிலேயே இருக்கிறது. நனைந்த முடி முழுவதும் காய்ந்து முடிவதற்குள் அது கலைக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே விலை உயர்ந்த பொருள்களைத் தேடுவதற்கு முன், அந்த நேரத்தில் முடி எப்படிக் கையாளப்படுகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும். மதுரையில் முடி அலங்காரத் தொழிலில் இருந்துகொண்டு சுருட்டை முடிக்காரப் பெண்களுக்கே பெரும்பாலும் வேலை செய்கிறவள் என்ற முறையில், என்னிடம் வருகிறவர்களில் பலரும் சிரமப்படுவது இந்த ஓர் இடத்தில்தான் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் செய்முறை தானாக விளங்கும். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகைகள் நமக்கு முக்கியம். கந்தக அணுக்களால் அமைந்த டைசல்பைடு பிணைப்புகள் வலிமையானவை. குளிப்பதாலோ சீவுவதாலோ அவை விடுவதில்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளோ தண்ணீர் பட்டவுடன் விட்டுப்போய், காயும்போது மீண்டும் சேருகின்றன. எந்த வடிவத்தில் இருக்கும்போது முடி காய்கிறதோ, அந்த வடிவத்திலேயே அவை மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. பல இழைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சுருளாகக் காய்ந்தால் சுருள் நிற்கும். காயும் வேளையில் சீப்பும் துண்டும் ஃபேன் காற்றும் அவற்றைப் பிரித்துவிட்டால், ஒவ்வோர் இழையும் தன் போக்கில் வளைந்து காய்ந்து பரட்டைத் தோற்றம் வந்துவிடும். அதோடு, சுருட்டை முடி வளைந்த வேர்ப்பையிலிருந்து முளைப்பதால், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அதன் வளைவுகளைத் தாண்டி எளிதில் நுனிவரை இறங்குவதில்லை. வேர்ப்பகுதி பிசுபிசுப்பாக இருக்கும்போதே நுனி வறண்டு கிடப்பதற்கு இதுவே காரணம்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்; நம் ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் முடியைப் பற்றிப் பேச முடியாது. மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீர் கிடைக்கும் வீடுகளுக்கும், போர்த் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளுக்கும் முடியின் நிலையில் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய வேறுபாடு இருக்கிறது. பல இடங்களில் போர்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதையே ஏற்புடைய அளவாகக் கொள்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் எப்படி என்று அறியச் சோதனைக்கூடம்தான் வேண்டும் என்பதில்லை. வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு படிகிறதா, பருப்பு வேக நேரமாகிறதா, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிகிறதா என்று பாருங்கள். அந்தத் திரிதான் முடியிலும் ஒட்டுகிறது. உப்பு படிந்த முடி சொரசொரப்பாகி, ஓர் இழை இன்னோர் இழையோடு வழுக்கிச் சேராமல் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் எந்த ஜெல் தடவினாலும் சுருள்கள் ஒழுங்காகத் திரளாது.

ஆகையால் முதல் மாற்றமாக, குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதாக, தலையை அலசும் கடைசி இரண்டு செம்புத் தண்ணீராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். மழை பெய்யும் நாள்களில் மாடியில் பிடித்து வைத்த தண்ணீர் இதற்கு மிகச் சிறந்தது. அதுவும் இயலாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிக் கலந்து, தலைத்தோலில் புண் எதுவும் இல்லாதபோது, முடியின் நீளத்தில் மட்டும் ஊற்றி இரண்டு நிமிடம் கழித்து அலசிவிடலாம். புளிப்புத்தன்மை சோப்புப் படிவைத் தளர்த்தும். முடியின் மேலடுக்குச் செதில்கள் படிந்து நிற்கவும் உதவும். மாதம் ஒரு முறை, உறைமேல் இ.டி.டி.ஏ. என்ற பெயர் அச்சிடப்பட்டிருக்கும் ஷாம்பு ஒன்றைப் பயன்படுத்தலாம். தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு அலசலோடு வெளியேற்றும் வேதிப்பொருள் அது.

எண்ணெயை நிறுத்த வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு, தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்ததாகக் காட்டியது. அது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; ஆனாலும் அதில் கூறப்பட்ட காரணம் தெளிவானது. தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால் முடித்தண்டுக்குள் அது நுழைய முடிகிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ முந்தின இரவிலோ தேய்த்தால், முடி அளவுக்கு மீறித் தண்ணீரை உறிஞ்சி ஊதுவதை அது தடுக்கும். நல்லெண்ணெய் தேய்க்கும் வழக்கம் உள்ள வீடுகள் அதையே தொடரலாம். விளக்கெண்ணெயைத் தனியாகத் தேய்க்காதீர்கள். அதன் அடர்த்தியைப் போக்குவதற்குப் போடும் கூடுதல் சீயக்காயும் கூடுதல் தேய்ப்பும் சுருட்டை முடிக்குக் கேடு. குளிப்பதற்கு முன் எண்ணெய் எவ்வளவு நன்மையோ, குளித்து முடித்த ஈரத்தலையில் வழிய வழியத் தேய்ப்பது அவ்வளவு இடைஞ்சல். அதற்குமேல் ஜெல் பிடிக்காது, புழுதியும் சேரும்.

சீயக்காய் நல்ல பொருள். அதிலுள்ள சப்போனின்கள், சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் திரியாவதில்லை. ஆனால் கடையில் வாங்கும் சீயக்காய்ப் பொடியை அப்படியே குழைத்துப் பூசுவது சுருட்டை முடிக்குப் பொருந்தாது. கோரை முடியிலிருந்து வழிந்துவிடும் தூள், சுருட்டை முடியின் வளைவுகளில் தங்கிவிடுகிறது. அதை எடுக்கத் தேய்க்கும்போது சுருள்கள் உரசிக் கலைகின்றன. சீயக்காயை முழுதாக வாங்கிக் கொட்டையை நீக்கி, இரவில் ஊறவைத்துக் காலையில் கொதிக்கவிட்டு, பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். சோறு வடித்த கஞ்சியில் அதைக் கலக்கும் நம் பாட்டிமாரின் முறை சுருட்டை முடிக்கு மிக ஏற்றது. கஞ்சி, சீயக்காயின் வறட்டுத்தன்மையைத் தணிக்கிறது. உசிலை மரத்தின் இலையிலிருந்து கிடைக்கும் அரப்புத் தூள் சீயக்காயை விட மென்மையானது. கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதையும் கரைத்து வடிகட்டியே போட வேண்டும். எண்ணெய் தேய்க்காத நாளில் இவை எதுவும் வேண்டாம். மென்மையான ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல்நுனியால் தேய்த்து, வழிந்து வரும் நுரையே முடியின் நீளத்தைச் சுத்தம் செய்ய விட்டால் போதும். சல்பேட் கலந்த ஷாம்பு என்றாலே அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. எண்ணெய்க் குளியலும் உப்புத் தண்ணீரும் ஜெல்லும் சேர்ந்த தலையை எப்போதாவது அழுத்தமான ஷாம்பு போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் சுருள் சோர்ந்துவிடும்.

சிக்கெடுப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் சண்டையும் கண்ணீரும். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீவவே கூடாது. நனைந்த முடி தன் நீளத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீளக்கூடியதாகவும் எளிதில் அறுந்துவிடக் கூடியதாகவும் இருப்பதால், வெறும் ஈரத்தில் சீவுவதும் சரியல்ல. கண்டிஷனர் பூசிய ஈரமுடியில், குளியலறையிலேயே, முதலில் விரல்களாலும் பிறகு அகலப் பல் உள்ள சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாகச் சிக்கெடுக்க வேண்டும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்டப் பொருள்கள், எதிர்மின்னூட்டமுள்ள முடியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கின்றன. அதனால்தான் கண்டிஷனர் போட்ட முடியில் சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. வெளியே வாங்க விருப்பமில்லை என்றால், செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பான சாறும், இரவெல்லாம் ஊறிய வெந்தயத்தை அரைத்து வடித்த சாறும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும். ஆனால் உப்புத் தண்ணீரில் வளரும் முடிக்குக் கடைக் கண்டிஷனரே கூடுதலாக உதவும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேன் பார்க்க வேண்டியிருந்தாலும் இதுவே தக்க நேரம். கண்டிஷனர் பூசிய முடியில் பேன்சீப்பு வலியில்லாமல் ஓடும், பேனும் அசைய முடியாமல் அகப்படும்.

சுருளை உருவாக்கும் வேலை, கண்டிஷனரை அலசிவிட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கும் தலையிலேயே நடந்தாக வேண்டும். துவட்டிய பிறகு ஜெல் பூசுவதால்தான் பலருக்கு அது பயன்படாமல் போகிறது. தலையைக் குனிந்து முடியை முன்பக்கம் தொங்கவிட்டு, ஒரு பிடி முடியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, கும்பிடுவதுபோல் கைகளைச் சேர்த்து, வேர்ப்பகுதியிலிருந்து நுனிவரை ஜெல்லை வழித்துக்கொண்டு வாருங்கள். முடி முழுவதும் பூசியானதும், நுனிகளை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் தலையை ஒட்டிக் கொண்டுபோய் மெதுவாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். கைக்குள் சளக்சளக் என்ற ஈரச் சத்தம் கேட்டால் தண்ணீரும் ஜெல்லும் சரியான அளவில் இருக்கின்றன என்று கொள்ளலாம். சத்தமே இல்லையென்றால் கையில் சிறிது தண்ணீர் எடுத்துச் சேருங்கள். நெற்றியோரத்திலும் உச்சியிலும் சுருள் பிடிக்காத கற்றைகள் இருந்தால், அவற்றை மட்டும் விரலில் சுற்றி அவை இயல்பாக வளையும் திசையிலேயே விட்டுவிடுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் காய்ந்ததும் பிரிந்துவிடும்.

எந்த ஜெல் என்பதற்கு என் பதில், முதலில் ஆளி விதை ஜெல் என்பதே. கால் கப் ஆளி விதையை இரண்டு கப் நல்ல தண்ணீரில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே சிறுதீயில் கொதிக்க விடுங்கள். முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இழுபடும் பதம், ஏழிலிருந்து பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். உடனே இறக்கிச் சூடு ஆறுவதற்கு முன்பே மெல்லிய துணியில் வடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் கெட்டியாகி இறங்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். தோளுக்குக் கீழ் வரும் முடிக்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி போதும். கடை ஜெல்லில் பி.வி.பி., பாலிகுவாட்டர்னியம் போன்ற படலம் அமைக்கும் பொருள்கள் இருக்கும். அவை ஆளி விதையை விட இறுக்கமாகப் பிடிக்கும். மழைக்கால ஈரத்தில் அந்த இறுக்கம் தேவைப்படும். கிளிசரின் முதல் சில பெயர்களுக்குள் வரும் ஜெல்லை மட்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அது முடியை உப்ப வைக்கும்.

அடுத்தது துவட்டுதல். மொத்தமான டர்க்கித் துண்டின் நூல் வளையங்கள் சுருள்களைப் பிரித்துவிடுகின்றன. நம் வீடுகளில் இருக்கும் ஈரிழைத் துண்டு, துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய சுங்குடிச் சேலையின் ஒரு துண்டு, அல்லது பழைய பனியன் துணி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அதையும் தேய்க்கக் கூடாது. கற்றைகளை அதில் ஏந்தி, மெதுவாக அழுத்தி, வடியும் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். துண்டில் முடியை முறுக்கிக் கொண்டையாகப் போடும் பழக்கத்தை விட்டுவிட்டு, துணியைக் கட்டிலில் விரித்து, முடியைச் சுருள் சுருளாக அதன்மேல் இறக்கி, துணியின் நுனிகளைத் தலையைச் சுற்றி முடிந்து, கால் மணி நேரம் அப்படியே இருக்கலாம்.

அதன்பிறகு முழுவதும் காயும்வரை எவரும் அந்த முடியைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நீங்கள் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால், மற்றவற்றில் பாதியைச் செய்யாவிட்டாலும் பலன் தெரியும். பெண் குழந்தையின் தலையை வருகிறவர் போகிறவர் எல்லாம் கோதிவிடும் வீடுகளில் இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். முழு வேகத்தில் சுழலும் ஃபேனுக்கு நேர்கீழே உட்காருவதும், சித்திரை வெயிலில் மாடியில் நின்று காயவைப்பதும் வேண்டாம். ஆடிக் காற்றில் ஈரமுடியை விரித்துக்கொண்டு வெளியே போகவே வேண்டாம். நிழலில், மெல்லிய காற்றோட்டத்தில் காயட்டும். அவசரமென்றால் ஹேர் டிரையரில் டிஃப்யூசர் என்னும் அகன்ற துளைக் கிண்ணத்தைப் பொருத்தி, குறைந்த சூட்டில், கீழிருந்து கற்றைகளை அதில் ஏந்தியபடி காயவைக்கலாம். கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி போட்டு அதன்மேல் கூந்தலைப் பரப்பும் பழைய முறையிலும் இதேபோல வெதுவெதுப்பான காற்று கீழிருந்து மெதுவாக எழுகிறது. புகையை மூச்சில் இழுக்காத அளவுக்குக் கணப்பைக் குறைத்துக்கொண்டால் அதிலும் சுருள் கலையாமல் காயும்.

காய்ந்ததும் ஜெல் படலம் கட்டி, முடி விறைப்பாக நிற்கும். இதைப் பார்த்துப் பயந்து அலசிவிட வேண்டாம். இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கைகளில் தேய்த்துக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிடித்துப் பிடித்து விட்டால் படலம் உடைந்து, முடி மிருதுவாகும், சுருளும் நிற்கும். படலத்தை உடைப்பதற்கு முன் முடி முழுவதும் காய்ந்திருக்கிறதா என்று வேர்ப்பகுதியில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் காத்திருங்கள்.

முடியை எண்களால் வகைப்படுத்தும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க முடி அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பரப்பிய முறை அது: நேர்முடி 1, அலைமுடி 2, சுருட்டை 3, நெருக்கமான சுருள் 4. நான் பார்த்தவரை நம் பக்கத்தில் ஒரே தலையில் நெற்றியோரம் 2, பிடரியில் 3 என்று கலந்தே இருக்கிறது. ஆகையால் எண்ணைக் கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தண்ணீர்க் கிளாசில் முடியைப் போட்டு அது மூழ்குகிறதா மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் நம்ப வேண்டாம்; முடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே அது மிதக்கும்.

முடியை நேராக்குவதை இந்த வயதில் செய்யவே வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன். நிலையாக நேராக்கும் முறைகள், முன்பு சொன்ன டைசல்பைடு பிணைப்புகளையே உடைத்து மாற்றுபவை. அந்த நீளத்தில் பழைய சுருள் திரும்பாது. கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படுபவற்றில் சில கரைசல்கள் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், நேராக்கிய பிறகு மனம் மாறினால் பழைய முடி தோள்வரை வளர்ந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும். சொந்தக்காரர்கள் உங்கள் மகளின் காதுபடவே பரட்டைத் தலை என்று சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பெண் அந்தச் சொல்லை எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொள்கிறாள் என்பதை என் நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளிடம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பள்ளி நாள்களில் இரட்டைச் சடை கட்டாயம் என்றால், அதைத் தளர்வாகப் பின்னுங்கள். நெற்றியோர முடி விண்ணென்று இழுபடும்படி பின்னி ரிப்பனால் மடித்துக் கட்டுவதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அந்த இடத்தில் வேர்கள் சேதமடைந்து முடி உதிர்ந்துவிடக்கூடும். வெள்ளிக்கிழமை மாலை சடையை அவிழ்த்ததும் முடி மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கும். சீவி அதைச் சரிசெய்ய முயலாமல், சனிக்கிழமைக் குளியல்வரை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை உருவாக்கிய சுருள் ஞாயிற்றுக்கிழமையும் நிற்க, இரவில் முடியை உச்சிக்குக் கொண்டுவந்து துணி ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டி, வழுவழுப்பான சாட்டின் தலையணை உறையில் படுக்கச் சொல்லுங்கள். காலையில் கலைந்த கற்றைகளை மட்டும் ஈரக்கையால் பிடித்து விட்டால் போதும்.

திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ முடியை விரித்துவிட்டுப் பூ வைக்க ஆசைப்பட்டால், அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூக்காரர்கள் மல்லிகைச் சரத்தின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரத்தோடு சரத்தை வைத்தால், அது படும் இடத்தில் சுருள்கள் நனைந்து, கூட்டத்தின் உரசலில் காய்ந்து, அங்கே மட்டும் பரட்டையாகிவிடும். சரத்தை நன்றாக உதறி, ஒரு துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்து ஈரத்தை எடுத்த பிறகு, காதுக்குப் பின்னால் ஒரு பக்கமாக இரண்டு ஹேர்பின்களால் அடிமுடியோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். மேலே தெரியும் சுருள்களை அந்தப் பின்னுக்குள் இழுத்துக் கொடுக்க வேண்டாம்.